ரிட்டர்னில் வேறு சால்வை வந்திருக்கிறது, தளத்துக்கு என்ன எழுதுவது?

கோத்தகிரி நூல்:
வணக்கம். கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே தோடர் எம்பிராய்டரி விற்கிறேன். மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், இருக்கும் பெண்களிடம் நேரில் வாங்கி, பாதி வாட்ஸ்அப்பிலும் மீதி ஒரு பெரிய விற்பனைத் தளத்திலும் போகிறது. தளம் வழியாகச் சென்னைக்குப் போன 5,200 ரூபாய் சால்வை "படத்தில் இருப்பது போல இல்லை" என்ற காரணத்தோடு ரிட்டர்ன் வந்திருக்கிறது. பெட்டி என்னுடையதுதான், நான் ஒட்டிய டேப்பின் மேல் இன்னொரு டேப். உள்ளே இருக்கிற சால்வை என்னுடையது இல்லை. வழுவழுவென்று ஏதோ கலப்புத் துணி, அதில் மெஷினில் அடித்த சிவப்பு கறுப்புக் கட்டங்கள்.

ரிட்டர்ன் எதுவாக இருந்தாலும் வீடியோ எடுத்துக்கொண்டேதான் பிரிப்பேன், இதையும் அப்படித்தான் பிரித்தேன். ஆனால் தளம் அதற்குள் வாங்கியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு எனக்கு வர வேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டது. அவர் சாட்டில் "நீங்கள் அனுப்பியதைத்தான் திருப்பினேன், இனி பேசினால் கன்ஸ்யூமர் கோர்ட்" என்கிறார். சால்வை செய்த அக்காவுக்கு நான் முன்பே முழுப் பணமும் கொடுத்தாயிற்று, அதனால் நஷ்டம் முழுக்க என் தலையில். என்ன எழுதினால் எடுபடும்?

குன்னூர் டீத்தூள்:
அக்கா, முதலில் அவரோடு பேசுவதை நிறுத்துங்கள். போனில் பேசவே பேசாதீர்கள், எதுவாக இருந்தாலும் தளத்தின் சாட்டிலேயே இருக்கட்டும். அப்புறம் க்ளெய்ம் (இழப்பீடு கேட்டு விண்ணப்பம்) போட கெடு எவ்வளவு என்று செல்லர் பேனலில், அதாவது தளத்தில் உங்கள் விற்பனைக் கணக்குப் பக்கத்தில், பாருங்கள். ஒவ்வொரு தளமும் ஒரு கெடு வைத்திருக்கிறது, அது தாண்டினால் எவ்வளவு ஆதாரம் இருந்தாலும் பட்டன் வேலை செய்யாது. ஆதாரத்தை அழகுபடுத்துகிறேன் என்று உட்கார்ந்துவிடாமல் இருப்பதை வைத்து இன்றைக்கே போட்டுவிடுங்கள், மற்றதை அதே டிக்கெட்டில் பின்னால் சேர்க்கலாம்.

மேட்டுப்பாளையம் ஹப்:
நான் கூரியர் பக்கத்தில் இருப்பவன். இதில் எல்லோரும் விட்டுவிடுவது எடை. பார்சல் போகும்போதும் எடை பதிவாகும், ரிட்டர்ன் வரும்போதும் முதல் ஹப்பில் (கூரியர் கிடங்கில்) பதிவாகும். இரண்டும் செல்லர் பேனலில் ஷிப்பிங் கட்டணப் பகுதியில் இருக்கும். அங்கே கண்ணில் படவில்லை என்றால் டிக்கெட் போட்டுக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம், சில இடங்களில் தெரிவது வால்யூமெட்ரிக் எடை, அதாவது நீளம், அகலம், உயரம் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்தது. பெட்டி அதேதான் என்பதால் அது இரண்டு தடவையும் ஒன்றாகத்தான் இருக்கும், உங்களுக்கு உதவாது. தராசில் வைத்த எடைதான் வேண்டும்.

வீட்டுக்குப் போய் ரிட்டர்ன் எடுக்கிற பையன் போனில் வருகிற படத்தைப் பார்த்து நிறம் சரியா, டேக் இருக்கா என்று டிக் அடிப்பான். வெள்ளைத் துணி, சிவப்பு கறுப்பு டிசைன் என்றால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே "டோர் செக் பாஸ்" என்று தளம் சொன்னால் மிரள வேண்டாம். இன்னொன்று, மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன். மாற்றியது வாங்கியவர்தான் என்று உங்களால் சொல்ல முடியாது. வழியில் கூட நடக்கும்.

கோத்தகிரி நூல்:
பார்த்துவிட்டேன் சார். போகும்போது 640 கிராம், வரும்போது 410. பெட்டியோடு சேர்த்து. இது என் கண்ணில் பட்டிருக்கவே படாது, ரொம்ப நன்றி.

கோவை வாசகி:
நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். "தோடா சால்வை" என்று ஆன்லைனில் விற்பதில் எத்தனையோ மெஷின் சரக்கு. நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன், அந்த விற்பனையாளரும் கடைசி வரை ஒரிஜினல் என்றே சாதித்தார். உங்களிடம் உண்மையானதுதான் போனது என்று தளத்தில் இருக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? உங்கள் படத்தைப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என்னாலேயே முடியுமா என்று தெரியவில்லை.

கோத்தகிரி நூல்:
நியாயமான கேள்விதான், கோபமெல்லாம் இல்லை.

உண்மையானதில் துணி கனத்த வெள்ளைப் பருத்தி, நெசவு கொஞ்சம் முரடாக, இழைகள் தனித்தனியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால்தான் தைக்கவே முடியும், ஏனென்றால் டிசைனை வரைந்துகொண்டு தைப்பதில்லை, சட்டத்தில் மாட்டுவதில்லை, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். சிவப்பும் கறுப்புமாக நூல். துணியைத் திருப்பினால் சின்னச் சின்ன நூல் வளையங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும், கையால் தடவினால் புடைப்பு தெரியும், தைப்பவர்கள் அந்தப் பக்கத்தையே அழகான பக்கமாக வைத்துக்கொள்வதும் உண்டு. திரும்பி வந்ததைத் திருப்பினால் அடியில் வெள்ளை பாபின் நூல் ஒரே சீராக ஓடுகிறது, ஓரத்தில் பேப்பர் மாதிரி ஒரு பொருள் கிழிந்தும் கிழியாமலும் ஒட்டியிருக்கிறது. மெஷினில் துணி சுருங்காமல் இருக்க அடியில் வைப்பார்களே அது.

லிஸ்டிங்கில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் போட்டிருக்கிறேன். "நூல் பிரிந்து தொங்குகிறது" என்று அந்த வளையங்களைப் பார்த்துப் புகார் வரும் என்பதால் அதை விளக்கத்திலும் எழுதியிருக்கிறேன். இது 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை, அதுவும் இருக்கிறது.

கோவை வாசகி:
பின்பக்கப் படம் இருந்தால் சரி. அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். முன்பக்கம் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

திண்டுக்கல் வக்கீல்:
சட்டம் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி உரையாடலில் எல்லாம் கடைசியில் ஒருவர் வந்து "நோ ரிட்டர்ன் என்று போர்டு போட்டுவிடுங்கள், பிரச்சினை முடிந்தது" என்பார்.

முடியாது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறைபாடுள்ளதாக, போலியாக, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாக இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தையும் மறுக்கக் கூடாது. சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலும் அப்படித்தான், இயற்கைச் சீற்றம் போல உங்கள் கையில் இல்லாத காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. 2019 சட்டத்திலேயே, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பில்தானே விற்கிறேன் என்றும் தப்பிக்க முடியாது, தொழிலாகத் தொடர்ந்து செய்கிறவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

அவர் கோர்ட்டுக்குப் போனால் தான் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஊட்டிக்கு வர வேண்டியதில்லை. 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆகவே அது வெறும் மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதே நேரம் பயப்படவும் வேண்டாம். தன்னிடம் வந்தது போலி என்று சொல்கிறவரிடமும் ஆதாரம் கேட்பார்கள். 230 கிராம் வித்தியாசத்துக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று பார்க்க எனக்கே ஆசை.

இன்னொன்று. புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது தளத்துக்கு மட்டும் இல்லை, தளத்தில் விற்கிற உங்களுக்கும் உண்டு. குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும் என்கிறது விதி. வீட்டிலிருந்து விற்கும் இடத்தில் அந்த அலுவலர் நீங்கள்தான். அவருடைய மெசேஜுக்கு அமைதியாக ஒரு பதில் தேதியோடு சாட்டில் இருக்கட்டும். ஆனால் அந்தக் கெடு எல்லாம் நுகர்வோர் புகாருக்கு. தளத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற குறை அதில் வராது, அது நீங்கள் ஓகே அழுத்திய செல்லர் ஒப்பந்தத்தின்படிதான். அதைத் திறந்து தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்ற பகுதியை ஒரு தடவை படியுங்கள், யாரும் படிப்பதில்லை.

மன்னவனூர் பூண்டு:
கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டு விற்கிறேன். எங்களுக்கு வருகிற சண்டை வேறு மாதிரி. பூண்டைக் கட்டாகக் கட்டிப் புகை மூட்டி வைப்பது இங்கே வழக்கம், அந்த வாசம் பார்சலைப் பிரித்ததும் குப்பென்று வரும். "எங்கேயோ தீயில் கருகிய சரக்கு" என்று படம் அனுப்புவார்கள், வாசத்துக்கு எப்படிப் படம் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் ஒரு கிலோ போட்டால் வெயில் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் காய்ந்து எடை குறையும். அதனால் கொஞ்சம் கூடவே போடுவேன், சண்டை பாதி குறைந்தது.

நான் செய்வது, 500 ரூபாய்க்குள் என்றால் பேசாமல் பணத்தைத் திருப்பிவிடுவேன். திரும்ப வரவழைக்கிற கூலியே அதைத் தின்றுவிடும், வந்த பூண்டும் விற்க லாயக்கு இல்லை. உங்கள் 5,200 ரூபாய் விஷயம் வேறு, அதை விடக் கூடாது.

ஊட்டி சாக்லேட்:
பூண்டு அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டவுடன் கொடுத்தால் அடுத்தவரும் கேட்பார். எனக்கு மார்ச், ஏப்ரலில் வாரம் தவறாமல் "பூஞ்சை" புகார் வரும். சாக்லேட் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைத் திட்டு. அது பூஞ்சையே இல்லை, கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், மேட்டுப்பாளையம் இறங்கியதும் வண்டிக்குள் உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து நிற்கும். விரலால் தேய்த்தால் அந்த வெள்ளை கரைந்து சாக்லேட் பளபளக்கும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி நிற்கும், தேய்த்தால் பிசுபிசுக்கும். "விரலால் ஒரு தடவை தேய்த்து அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் அதற்கப்புறம் பதிலே போடுவதில்லை. பதில் போட்டவருக்கு, தின்னக் கெடுதல் இல்லை என்று விளக்கிப் பாதி விலை திருப்புவேன்.

திண்டுக்கல் வக்கீல்:
சாக்லேட் தம்பி, பூஞ்சை இல்லை என்பது சரி. ஆனால் உருகிப் போனது உருகியதுதான். லிஸ்டிங்கில் பளபளக்கும் படம் போட்டுவிட்டுக் கோடையில் சாதாரண பெட்டியில் அனுப்பினால் "சொன்ன தன்மை இல்லை" என்பதில் வாங்கியவர் பக்கம்தான் நியாயம். முழுப் பணமும் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

ஊட்டி சாக்லேட்:
அதனால்தான் கோடையில் ஜெல் பேக் வைத்து, திங்கள் செவ்வாயில் மட்டும் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்கக் கூடாது என்று. இருந்தாலும் சரி, வக்கீல் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குன்னூர் டீத்தூள்:
மலைச் சரக்குக்கே உரிய இன்னொரு தலைவலி. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கே சீல் வைத்த டீ பாக்கெட் சென்னை போனதும் ஒட்டிச் சப்பிப் போகும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் உப்புமே, அதற்கு நேர் எதிர். "யாரோ பிரித்துப் பாதியைக் கொட்டிவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்" என்று எனக்கு ரிட்டர்ன் வந்திருக்கிறது, எடை போட்டுப் பார்த்தால் 250 கிராம் அப்படியே இருக்கும். இப்போது பாக்கெட் மேலேயே ஒரு வரி அச்சடித்திருக்கிறேன், சப்பி இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள் என்று.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மெசேஜ் எழுதித் தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள். தளத்துக்கு:

"ரிட்டர்னில் பொருள் மாறியிருக்கிறது. அனுப்பியது: கையால் தைத்த தோடர் எம்பிராய்டரி சால்வை, கனத்த பருத்தி, பார்சல் எடை 640 கிராம். திரும்பி வந்தது: மெஷின் எம்பிராய்டரி, கலப்புத் துணி, பார்சல் எடை 410 கிராம். இரண்டு எடையும் உங்கள் பதிவில் உள்ளன. படம் 1: லிஸ்டிங்கில் உள்ள பின்பக்கம். படம் 2: வந்த சால்வையின் பின்பக்கம், அதே கோணத்தில். பிரிக்கும் வீடியோவில் ரிட்டர்ன் லேபிள் முதலிலும் துணி அதற்குப் பிறகும் வெட்டாமல் தெரிகிறது. பிடித்த 5,200 ரூபாயைத் திருப்பித் தரக் கேட்கிறேன்."

இவ்வளவுதான். தோடர் பெண்களின் உழைப்பு, உங்கள் வீட்டுக் கஷ்டம், அவர் திட்டியது எதுவும் வேண்டாம். படிக்கிற ஆள் ஒரு நாளைக்கு எத்தனையோ டிக்கெட் பார்ப்பவர், எடை இரண்டும் முதல் பாதியிலேயே கண்ணில் படவில்லை என்றால் ரெடிமேட் பதிலைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். "திருட்டு", "மோசடி" என்ற வார்த்தையும் கூடாது.

வாங்கியவருக்கு:

"வணக்கம். திரும்பி வந்த பார்சலில் நாங்கள் அனுப்பிய சால்வை இல்லை, படம் இணைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கும் வேறு சால்வை மாறி உள்ளே வந்திருக்கலாம். எங்களுடையது உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், எங்கள் செலவிலேயே எடுத்துக்கொள்கிறோம், உங்களுடையதையும் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம்."

அவர் செய்திருந்தால் மானம் போகாமல் திருப்பிக் கொடுக்க இது ஒரு வழி. அவர் செய்யவில்லை என்றால் நீங்கள் அநியாயமாக ஒருவரைத் திட்டியதாக ஆகாது.

லவ்டேல் லேஸ்:
ஒரு ஸ்டார் விழுந்தால் சொந்தக்காரர்களை வைத்து நாலைந்து ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்கள், கீழே போய்விடும்.

திண்டுக்கல் வக்கீல்:
வேண்டாம். விற்பவர் நுகர்வோர் போல நடித்து விமர்சனம் எழுதக் கூடாது என்று அதே 2020 விதிகளில் இருக்கிறது. நல்ல கேஸைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரி நூல்:
அப்டேட். இரண்டு மெசேஜும் கிட்டத்தட்ட அப்படியே போட்டேன். வாங்கியவர் பதிலே போடவில்லை, ஸ்டாரும் போடவில்லை. தளம் முதலில் "டோர் செக் முடிந்தது, க்ளெய்ம் ஏற்க இயலாது" என்று ரெடிமேட் பதில் அனுப்பியது. அதே டிக்கெட்டை மறுபடி திறந்து ஒரே வரி எழுதினேன்: "எடையில் 230 கிராம் வித்தியாசத்துக்கு விளக்கம் வேண்டும்." அப்புறம் வேறு ஒருவர் பார்த்திருக்கிறார் போல, செல்லர் பாதுகாப்புத் திட்டத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. தளத்தின் கமிஷனும் ரிட்டர்ன் கூலியும் மட்டும் போனது. ஹப் சார், வக்கீல் சார், டீத்தூள் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

இரண்டு கேள்வி மீதி இருக்கிறது. இந்த மெஷின் சால்வையை என்ன செய்வது? இனி அனுப்புவதில் நம்பர் போட்ட டேக் வைக்கலாம் என்று நினைக்கிறேன், துணியைக் கெடுக்காமல் எங்கே வைப்பது?

திண்டுக்கல் வக்கீல்:
சால்வையை அதே பெட்டியில், அதே லேபிளோடு அப்படியே எடுத்து வையுங்கள், துவைக்க வேண்டாம். தளம் கேட்டால் கொடுக்க வேண்டும், அவர் கோர்ட்டுக்குப் போனால் அதுதான் உங்கள் சாட்சி. எல்லாம் ஓய்ந்த பிறகும் "தோடர்" என்ற பெயரில் மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். 1999 புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் அதற்குச் சிறைத் தண்டனையே இருக்கிறது.

மேட்டுப்பாளையம் ஹப்:
டேக்கைத் தொங்க விடாதீர்கள், அறுத்துவிட்டு "வரும்போதே இல்லை" என்பார்கள். மடித்த சால்வையில் படம் எடுக்கும்போது தெரிகிற மூலையில் இருக்க வேண்டும். அந்த நம்பரைப் பில்லிலும் எழுதுங்கள். லிஸ்டிங்கில் "டேக் இல்லாமல், அளவோ நிறமோ பிடிக்கவில்லை என்று திருப்பினால் ஏற்கப்படாது" என்று போடலாம், பழுது என்றால் டேக் இல்லாவிட்டாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படித்தானே வக்கீல் சார்?

திண்டுக்கல் வக்கீல்:
அப்படித்தான்.

லவ்டேல் லேஸ்:
நான் லேஸில் செய்வது, ஓரம் மடித்துத் தைத்த இடத்தில் சின்ன காடாத் துண்டு, அதில் நம்பர், அதை நாலு மூலையிலும் இரண்டு இரண்டு தையல். நூல் நிறம் மட்டும் ஒவ்வொரு மாதமும் மாற்றுவேன். வேண்டாம் என்றால் வாங்கியவர் கத்தரித்து எடுத்துவிடலாம், துணியில் ஓட்டை விழாது. பசை வேண்டாம், இங்கே இருக்கிற ஈரத்துக்கு மழைக்காலத்தில் கறையாகிவிடும்.

கோத்தகிரி நூல்:
ஓரத் தையலில் என்றால் சரியாக இருக்கும், எம்பிராய்டரி அங்கே வராது. அடுத்த தடவை மந்துக்குப் போகும்போது அவர்களையே தைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறேன், கூலி தனியாகக் கொடுத்துவிடலாம்.